நம்பர் ஒன்றேதான், பசை வேறு: பெட்ஷீட் பிரிண்டிங்கில் கம் மாற்றியபோது நடந்தது

பின்னணி

ஈரோடு மாவட்டத்தில் உள்ள நடுத்தர அளவுப் பிரிண்டிங் பட்டறை ஒன்றில் நடந்த சம்பவம் இது. அங்கே அகலமான பருத்திப் பெட்ஷீட் துணியில் ரியாக்டிவ் சாயம் (பருத்தி இழையோடு வேதிப் பிணைப்பில் சேரும் சாயம்) கொண்டு ரோட்டரி ஸ்கிரீன் முறையில் அச்சிடுகிறார்கள். 1963இல் ஹனோவர் ஜவுளி இயந்திரக் கண்காட்சியில் ஸ்டார்க் நிறுவனம் காட்டிய முறைதான் இன்றும் அடிப்படை. மெல்லிய நிக்கல் உருளையில் டிசைனுக்கு ஏற்ற நுண்துளைகள் இருக்கும். உருளைக்குள் கலர் பேஸ்ட்டை பம்ப் செய்வார்கள். உள்ளே நீளவாக்கில் பொருத்திய ஸ்க்வீஜி பிளேடு அந்த பேஸ்ட்டைத் துளை வழியாகத் துணிமேல் தள்ளும். உருளை சுழலும், துணி ஓடும்.

பேஸ்ட்டில் சாயம், யூரியா, சோடியம் பைகார்பனேட், ரெசிஸ்ட் சால்ட், தண்ணீரில் உள்ள கால்சியத்தைக் கட்டுப்படுத்தக் கொஞ்சம் கால்கன், இவற்றையெல்லாம் தாங்கி நிற்கும் கம் ஆகியவை இருக்கும். கம் என்று பட்டறையில் சொல்வது தடிப்பாக்கும் பாலிமர் கரைசலை. தண்ணீரில் கரைந்த சாயத்தை அப்படியே துணியில் வைத்தால் நாலாபுறமும் ஓடிவிடும். அதை டிசைனின் எல்லைக்குள் நிறுத்துவதும், பிளேடு தள்ளும்போது மட்டும் வழிவிட்டு ஓடுவதும் கம்மின் வேலை.

இந்தப் பட்டறையில் ஆரம்பத்திலிருந்தே சோடியம் அல்ஜினேட்தான். 1956இல் ஐ.சி.ஐ. நிறுவனம் முதல் ரியாக்டிவ் சாயங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்ததிலிருந்து இந்த வேலைக்கு அல்ஜினேட்டே வழக்கமான கம். ஸ்டார்ச், குவார் கம் போன்றவற்றை எடுத்தால் சாயம் பருத்தியோடு சேர்வதற்குப் பதில் கம்மோடு சேர்ந்துவிடும். துணியும் விறைத்துப் போகும். அல்ஜினேட் அப்படிச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளாது, கழுவினால் போய்விடும். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் பொருள் இது. மன்னார் வளைகுடாவில் நம்மூர்ப் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் கட்டக்கோரையும் இதற்கான மூலப்பொருள்தான்.

கடலில் விளைவதால் விலை ஒரு நிலையில் நிற்பதில்லை. அது ஏறிக்கொண்டே போன ஒரு காலகட்டத்தில் முதலாளி சிந்தெடிக் கம்முக்கு மாற முடிவு செய்தார். அது பாலிஅக்ரிலேட் வகை. அல்ஜினேட்டைவிடக் குறைவான அளவே போதும். ஊறவைத்து மணிக்கணக்கில் கலக்க வேண்டியதில்லை, சில நிமிடங்களில் தடித்துவிடும். விற்பனையாளர் வந்து வெளிர் நிறங்களில் மாதிரி போட்டுக் காட்டினார். பூவின் ஓரக்கோடுகள் முன்பைவிடக் கூர்மையாக வந்தன. கலர் கிச்சனுக்கு, அதாவது பேஸ்ட் கலக்கும் அறைக்கு, போன உத்தரவு ஒரே வரி: ரெசிப்பியில் எதையும் மாற்ற வேண்டாம், கம்மை மட்டும் மாற்றி விஸ்கோசிட்டியை (தடிப்பின் அளவை) வழக்கம்போல 5,000க்குக் கொண்டுவாருங்கள்.

அந்த 5,000 என்பது ப்ரூக்ஃபீல்டு விஸ்கோமீட்டரில் நாலாம் நம்பர் ஸ்பிண்டிலை நிமிடத்துக்கு 20 சுற்றில் ஓட்டும்போது வரும் சென்டிபாய்ஸ் அளவு. முள் 50இல் நின்றால் 100ஆல் பெருக்கி 5,000. பல வருடங்களாக அந்தப் பட்டறையில் பேஸ்ட் சரியா தப்பா என்று சொல்லிவந்தது இந்த ஒரு எண்தான்.

முதலில் தெரிந்தவை

வெளிர் நிற டிசைன்களில் எந்தக் குறையும் இல்லை. எல்லோருக்கும் திருப்தி. சிக்கல் ஆரம்பித்தது நேவி புளூ கிரவுண்டில் (பின்னணி நிறத்தில்) வெள்ளைப் பூக்கள் வைத்த பெட்ஷீட் ஆர்டரில். துணியின் முழு அகலத்துக்கும் அடர் நீலம் நிரம்ப வேண்டும். பூ இருக்கும் இடம் மட்டும் அச்சு விழாமல் வெள்ளையாக நிற்க வேண்டும்.

பட்டறையின் செக்கிங் மேசையில் எதுவும் பிடிபடவில்லை. வாங்கியவரிடமிருந்துதான் புகார் வந்தது: பெட்ஷீட்டும் தலையணை உறையும் ஒரே ஷேட் இல்லை. தலையணை உறையைத் துணியின் ஓரப்பகுதியிலிருந்து வெட்டியிருந்தார்கள். கட்டிலில் விரித்த பெட்ஷீட்டின் நடுவில் அந்த உறையைப் போட்டதும் வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. உறை கறுத்த நீலம், நடுத்துணி ஒரு படி வெளிறிய நீலம். நிறம் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து போவதால், துணி முழுதாக விரிந்திருக்கும்போது கண்ணுக்கு அது தெரிவதே இல்லை. இரண்டு கரையையும் நடுப்பகுதியையும் வெட்டி ஒன்றை ஒன்று ஒட்டிவைத்துப் பார்த்தால்தான் தெரியும். இந்த சோதனை பட்டறையில் வழக்கத்தில் இல்லை. அல்ஜினேட் இருந்தவரை அதற்கு அவசியமும் வந்ததில்லை.

கூடவே இன்னொரு புகாரும் இருந்தது. சில லோட்டுகளில் நீலம் வெள்ளைப் பூவின் ஓரத்துக்குள் கசிந்திருந்தது. சில லோட்டுகளில் துளிகூடக் கசிவு இல்லை. கசிந்தவை பெரும்பாலும் இரவு ஷிப்ட்டில் ஓடியவை.

இரண்டையும் ஒரே நோய் என்று எடுத்துக்கொண்டதால் முதல் சில நாட்கள் குழப்பத்திலேயே போயின. இரண்டும் கம் மாற்றியதால் வந்தவைதான் என்றாலும், வந்த வழி வேறு வேறு.

இயந்திரத்தின் மேல் சந்தேகம்

கரை கறுத்து நடு வெளுத்தால் யாரும் முதலில் இயந்திரத்தைத்தான் பார்ப்பார்கள். அது நியாயமும்கூட. பிளேடை இரண்டு முனையிலும்தான் பிடித்திருக்கிறது. அகலம் கூடக்கூட நடுவில் அது சற்று வளையும், அங்கே அழுத்தம் குறையும். ஃபிட்டர் பிளேடை மாற்றினார், துணியைத் தாங்கி ஓடும் பிளாங்கெட்டின் மட்டத்தைப் பார்த்தார். ஸ்கிரீனில் துளை அடைப்பு இருக்குமோ என்று வேறு ஸ்கிரீனை மாற்றிப் போட்டார்கள். மாற்றம் இல்லை, ஆகவே ஸ்கிரீன் மேல் தவறில்லை. அழுத்தத்தைக் குறைத்தால் நடுப்பகுதி சொட்டை சொட்டையாக வந்தது. கூட்டினால் கரை இன்னும் கறுத்தது. மெஷின் ஓட்டுபவர் சொன்னது இது: “முன்னெல்லாம் இந்தத் திருகை ரெண்டு சுத்து சுத்தினாத்தான் ஷேட் அசையும். இப்ப கை வெச்சாலே ஓடுதுங்க.”

இந்த ஒரு வாக்கியத்தில் விடை முழுவதும் இருந்தது. ஆனால் அப்போது அதை எல்லோரும் திருகின் தேய்மானம் பற்றிய குறையாகவே கேட்டார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் ஜவுளி வேதியியல் தெரிந்தவன் என்ற முறையில் என்னை அழைத்தார்கள். கலர் கிச்சனில் மாஸ்டர் இரண்டு வாளிகளை வைத்துக் காத்திருந்தார். ஒன்றில் பழைய அல்ஜினேட் கம், மற்றதில் புதியது. இரண்டுக்கும் விஸ்கோசிட்டி 5,000. ஒவ்வொன்றிலும் குச்சியை விட்டு எடுத்துக் காட்டினார். அல்ஜினேட் குச்சி நுனியிலிருந்து அறுபடாமல் நீண்ட நூலாக இறங்கி, வாளிக்குள் வளையம் வளையமாக விழுந்து, அடுத்த நொடி மட்டமாகப் படிந்தது. சிந்தெடிக் குச்சியிலேயே ஒட்டி நின்றது. உதறியதும் குட்டையாக அறுந்து விழுந்து, விழுந்த இடத்தில் மேடாகவே உட்கார்ந்துகொண்டது.

“நம்பர் அதேதானுங்க சார். ஆனா விழறதே வேற மாதிரி இருக்குது. ரெண்டும் ஒண்ணுன்னு மீட்டர் சொல்லுது, நான் என்னத்தச் சொல்றதுங்க?” என்றார்.

அவர் கேட்டுக்கொண்டபடி, அதே ஸ்கிரீன், அதே பிளேடு, அதே அழுத்தத்தில் அல்ஜினேட் கம்மில் கலந்த நேவியைக் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தோம். கரைக்கும் நடுவுக்கும் இருந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கிவிட்டது. இயந்திரத்தில் வளைவு உண்மையில் இருந்தது. அல்ஜினேட் அதை இத்தனை நாள் வெளியே காட்டாமல் வைத்திருந்தது.

பசையை அளந்தபோது

தண்ணீரை எவ்வளவு வேகமாகக் கலக்கினாலும் அதன் விஸ்கோசிட்டி மாறாது. நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் கொண்ட பாலிமர் கரைசல் அப்படி இல்லை. சும்மா இருக்கும்போது சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடப்பதால் அது தடிப்பாக இருக்கும். இழுத்து ஓட்டும்போது அவை ஓட்டத்தின் திசையில் நீண்டு ஒழுங்காகி வழிவிடும், கரைசல் இளகும். எவ்வளவு இளகும் என்பது பாலிமருக்குப் பாலிமர் மாறும். ஒரே வேகத்தில் அளந்த ஒற்றை எண் இதைக் காட்டாது.

காட்டுவதற்குப் புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. அதே ப்ரூக்ஃபீல்டை 20 சுற்றில் ஒருமுறை, 2 சுற்றில் ஒருமுறை ஓட்டினால் போதும். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் வருவதைப் பிரிண்டிங் துறையில் பி.வி.ஐ. (பிரிண்டிங் விஸ்கோசிட்டி இன்டெக்ஸ்) என்பார்கள். 1 வந்தால் தண்ணீர் மாதிரி மாறாத ஓட்டம். குறையக் குறைய, இழுத்தால் சட்டென்று இளகும் ரகம்.

அல்ஜினேட் 20 சுற்றில் 5,000, 2 சுற்றில் சுமார் 8,000. பி.வி.ஐ. 0.62. சிந்தெடிக் 20 சுற்றில் 5,000, 2 சுற்றில் 25,000. பி.வி.ஐ. 0.2. மாஸ்டர் குச்சியில் காட்டியது இதுதான். அவர் கண் பார்த்தது ஏறக்குறைய அசையாமல் நிற்கும் நிலையை, மீட்டர் பார்த்தது 20 சுற்றை. வேகத்துக்கு ஏற்ப விஸ்கோசிட்டி மாறுவதைக் கோடாக வரைந்தால், இரண்டு கோடுகளும் ஒன்றை ஒன்று வெட்டும் புள்ளியில் போய் மீட்டரை வைத்துவிட்டு, கோடுகளே ஒன்றுதான் என்று எல்லோரும் நம்பியிருந்தோம்.

பிளேடுக்கு அடியில் நடப்பது இன்னும் தள்ளி. ஸ்பிண்டில் 20 சுற்றில் ஓடும்போது பசைக்கு ஏற்படும் இழுவை வேகம் வினாடிக்குச் சில அலகுகள்தான். ஸ்க்வீஜிக்கும் ஸ்கிரீனுக்கும் இடையிலான நெருக்கத்தில் அது ஆயிரக்கணக்கில். வேகம் கூடும்போது பசை எந்த விகிதத்தில் இளகும் என்று சொல்லும் ஓஸ்ட்வால்ட்–டி வேல் அடுக்கு விதியை அப்படியே நீட்டி, ஆயிரம் மடங்கு வேகத்துக்குக் கணக்குப் போட்டால் அல்ஜினேட் சுமார் 1,200 சென்டிபாய்ஸில் நிற்கிறது, சிந்தெடிக் 40க்கு இறங்கிவிடுகிறது. இவ்வளவு தூரம் நீட்டிப் போடும் கணக்கைச் சல்லிக்காசு சுத்தமாக நம்பக் கூடாது. எந்த பாலிமரும் எல்லா வேகத்திலும் ஒரே அடுக்கில் நடந்துகொள்வதில்லை. ஆனால் இரண்டுக்கும் இடையில் இருப்பது ஐந்து பத்து சதவீத வேறுபாடு இல்லை என்பது மட்டும் உறுதி.

எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்த கணக்கு. துளை வழியாகப் போகும் பேஸ்ட்டின் அளவு அழுத்தத்தோடு நேர்விகிதத்தில் கூடுவது தண்ணீர் போன்ற திரவத்துக்குத்தான். இளகும் பசைக்கு அழுத்தம் இரண்டு வேலை செய்கிறது: தள்ளவும் தள்ளுகிறது, தள்ளும்போதே பசையை இளக்கியும் விடுகிறது. அதனால் ஓட்டம் அழுத்தத்தைவிட வேகமாக ஏறும். அல்ஜினேட்டுக்கு அந்த விதியின் அடுக்கெண் (தண்ணீருக்கு 1) 0.79 வருகிறது, ஓரிடத்தில் அழுத்தம் 10 சதவீதம் கூடினால் ஓட்டம் 13 சதவீதம் கூடும். சிந்தெடிக்குக்கு அடுக்கெண் 0.3, அதே 10 சதவீத அழுத்தத்துக்கு ஓட்டம் 37 சதவீதம் கூடும். துணியில் நிறம் அப்படியே 37 சதவீதம் கூடிவிடாது. அடர் நிறங்களில் சாயம் கூடக்கூட கண்ணுக்குத் தெரியும் மாற்றம் குறைந்துகொண்டே வரும். ஆனால் தலையணை உறையைக் காட்டிக் கொடுக்க இதில் பாதி போதும்.

பிளேடு வளைவு நேற்று வந்ததில்லை. அந்த வளைவின் விளைவு ஏறக்குறைய மூன்று மடங்காகப் பெருகியதுதான் புதிது. திருகில் கை வைத்தாலே ஷேட் ஓடுகிறது என்று மெஷின்காரர் சொன்னதும் இதையேதான்.

இரவு ஷிப்ட்டும் உப்பும்

கசிவின் கதை வேறு. சிந்தெடிக் கம் துகள் ஒவ்வொன்றும் ஊறிய ஜவ்வரிசி மாதிரி தண்ணீரைக் குடித்து உப்பி, ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு நிற்பதால்தான் பசை தடிப்பாகிறது. அதை உப்பவைப்பது, சங்கிலியில் உள்ள எதிர்மின் குழுக்கள் ஒன்றை ஒன்று தள்ளுவது. தண்ணீரில் உப்புச் சேர்ந்தால் அந்தத் தள்ளல் மங்கும், துகள் சுருங்கும், பசை நீர்த்துவிடும். அல்ஜினேட்டிலும் மின்னூட்டம் உண்டு. ஆனால் அதன் தடிப்பு பெரும்பாலும் சங்கிலிகள் சிக்கிக்கொள்வதால் வருவது, சாதாரண சோடியம் உப்புக்கு அவ்வளவு அசையாது.

ரெசிப்பியைக் கையில் எடுத்து ஒவ்வொரு பொருளாகப் பார்த்தோம். யூரியா பிரச்சினை இல்லை, அதற்கு மின்னூட்டம் கிடையாது. பைகார்பனேட் கிலோவுக்கு 25 கிராம், உப்பு. ரெசிஸ்ட் சால்ட் 10 கிராம், பெயரிலேயே உப்பு. சாயமே சோடியம் உப்புதான். போதாததற்கு ஸ்டாண்டர்டு செய்வதற்காகக் கம்பெனிகள் அதில் சோடியம் சல்பேட் மாதிரி பொருட்களைக் கலந்திருப்பார்கள். வெளிர் நிறத்துக்குச் சில கிராம் சாயம் போதும். நேவிக்குக் கிலோவுக்கு 50 கிராமைத் தாண்டுகிறது. விற்பனையாளர் காட்டிய மாதிரிகள் எல்லாம் வெளிர் நிறமாக இருந்ததில் சூழ்ச்சி எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அன்று இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருந்தது அந்த நிறங்கள்தான்.

வெறும் கம் 5,000 காட்டிய அதே கலவை, நேவியின் எல்லாப் பொருளும் சேர்ந்தபின் 2,000க்கும் கீழே போயிருந்தது. பைகார்பனேட்டைக் கடைசியில் தூளாகத் தூவுவது அங்கே வழக்கம். கெட்டியான பசைக்குள் அது மெதுவாகத்தான் கரையும். ஆகவே கலந்தவுடன் அளந்தால் ஒரு எண், இரண்டு மணி நேரம் கழித்து அளந்தால் அதைவிடக் குறைந்த எண். ஒரு ஷிப்ட்டில் கம்மைக் கூட்டிச் சரிசெய்வார்கள், அடுத்த ஷிப்ட்டில் அது மறுபடி இறங்கியிருக்கும், மறுபடி கூட்டுவார்கள். அப்படிக் கூட்டக் கூட்ட 20 சுற்றில் 5,000 வந்தது, பி.வி.ஐ. 0.2ஐ விட்டு நகரவில்லை. ஓட்டத்தின் குணம் மாறாமல் செலவு மட்டும் ஏறியது.

சரி, இரவில் மட்டும் ஏன்? 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரை ஆர்.ஓ. மூலம் சுத்திகரித்துத் திரும்ப எடுப்பது கொங்குப் பகுதி முழுக்கப் பழகிப்போன விஷயம். இந்தப் பட்டறையின் கலர் கிச்சனுக்கும் ஆர்.ஓ. தண்ணீர்தான். ஆனால் மெம்பிரேன் கழுவும் வேலையை இரவில் வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் தொட்டி மட்டம் இறங்கினால் போர் தண்ணீர் தானாகக் கலக்கும்படி குழாய் அமைப்பு இருந்தது. தண்ணீரில் கரைந்துள்ள உப்பைக் காட்டும் பேனா மாதிரியான டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்தபோது பகலில் 150 பி.பி.எம்.க்குக் கீழே, இரவில் 1,400.

இங்கே பழைய அனுபவமே வழி தவறவைத்தது. போர் தண்ணீரில் உள்ள கால்சியம், அல்ஜினேட்டின் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்துக் கட்டியாக்கும். ஆகவே தண்ணீர் கெட்டால் பேஸ்ட் கெட்டியாகும் என்பது கிச்சனில் எல்லோருக்கும் மனப்பாடம். கசிவு என்பது பேஸ்ட் நீர்ப்பதன் அறிகுறி, எனவே தண்ணீர் காரணமாக இருக்காது என்று அந்தப் பக்கம் யாருமே திரும்பவில்லை. சிந்தெடிக்கில் அதே கால்சியம் நேர் எதிராக வேலை செய்கிறது. கால்சியத்தைக் கட்டுப்படுத்த என்று வழக்கப்படி போட்டுவந்த கால்கனும் ஒரு சோடியம் உப்பு. நல்ல தண்ணீரில் அது இந்தக் கம்முக்குச் செய்தது உபகாரம் அல்ல, கெடுதல்.

எடுத்த முடிவுகள்

முழுதாக அல்ஜினேட்டுக்குத் திரும்புவதுதான் பாதுகாப்பான வழி என்று மாஸ்டர் சொன்னார். முதலாளிக்கு அதில் விருப்பமில்லை. சிந்தெடிக்கை முன்கூட்டியே வாங்கி அடுக்கியிருந்தார், வெளிர் நிறங்களில் அது நன்றாகவே வேலை செய்வதும் உண்மை. இழுத்தால் இளகி, விட்டால் உடனே தடிக்கும் குணம் மெல்லிய கோடுகளுக்கு நல்லது. பிளேடு விட்டுப் போன மறுகணம் பசை இருந்த இடத்தில் உறைந்து நிற்பதால் ஓரம் கூர்மையாக வருகிறது. முழு அகலமும் ஒரே சமமாக நிரம்ப வேண்டிய கிரவுண்டு நிறத்துக்குத்தான் அந்தக் குணம் எதிரி.

ஸ்க்வீஜியை மாற்றுவதும் பேசப்பட்டது. காந்தத்தால் முழு அகலத்துக்கும் சமமாக அழுத்தும் உருளைக்கம்பி அமைப்பு போட்டால் வளைவுப் பிரச்சினையே வராது. அதற்கு ஆகும் பணமும், இயந்திரம் நிற்கும் நாட்களும் அந்த சீசனுக்கு ஒத்துவரவில்லை. உப்பைத் தாங்கும் வேறு ரக சிந்தெடிக் இருக்கிறது என்று விற்பனையாளர் சொன்னார். அது கசிவைத் தீர்க்கலாம், கரை–நடு வேறுபாட்டைத் தீர்க்கும் என்பதற்கு அவரிடம் பதில் இல்லை.

கடைசியில் கலவைக்குப் போனோம். அல்ஜினேட்டையும் சிந்தெடிக்கையும் தனித்தனியாகத் தயாரித்து, வெவ்வேறு விகிதத்தில் கலந்து, நேவியின் முழு ரெசிப்பியோடும் அளந்தோம். எடைக்கு எடை அல்ஜினேட் கம் கூடுதலாக உள்ள ஒரு விகிதத்தில் பி.வி.ஐ. 0.4 வந்தது. 0.62க்கும் 0.2க்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கும் எண்தான். ஆனால் 10 சதவீத அழுத்த மாற்றத்துக்கு ஓட்டம் எவ்வளவு கூடும் என்று போட்டால் 17 சதவீதம் வருகிறது. அல்ஜினேட்டின் 13க்குப் பக்கத்தில், சிந்தெடிக்கின் 37க்கு வெகு தூரத்தில். அல்ஜினேட்டில் ஒரு பகுதியை மிச்சப்படுத்திக்கொண்டே தொல்லையில் பெரும்பகுதியைக் கழித்துவிடலாம் என்று தெரிந்தது. முதலாளியைச் சம்மதிக்கவைத்தது இந்தக் கணக்குதான்.

மற்றவை சின்ன மாற்றங்கள். பைகார்பனேட்டைத் தூவாமல் யூரியாவோடு தண்ணீரில் கரைத்துச் சேர்ப்பது. சிந்தெடிக் மட்டும் உள்ள பேஸ்ட்டில் கால்கனை நிறுத்துவது. கிச்சன் குழாயைப் போர் லைனிலிருந்து முழுதாகத் துண்டித்து, இரவுக்கென்று தனித் தொட்டி வைப்பது. விஸ்கோசிட்டியை வெறும் கம்மில் பார்ப்பதை விட்டுவிட்டு, எல்லாம் கலந்து ஒரு மணி நேரம் கழித்து, இரண்டு வேகத்திலும் பார்ப்பது.

நடந்தது

கலவைக் கம்மில் ஓடிய முதல் நேவி லோட்டில் கரையையும் நடுவையும் வெட்டி ஒட்டிப் பார்த்தோம். உற்றுப் பார்த்தால் மிகச் சிறிய வேறுபாடு தெரிந்தது, வாங்கியவர் ஏற்றுக்கொண்டார். கசிவு நின்றது. இரவு, பகல் லோட்டுகள் ஒன்றாக வந்தன. கிரவுண்டு நிறத்தில் முன்பு லேசாக இருந்த புள்ளிப்புள்ளியான தோற்றமும் போய்விட்டது. அதை யாரும் புகாராகச் சொல்லியிருக்கவில்லை, போன பிறகுதான் இருந்ததே தெரிந்தது. ஸ்கிரீன் துளைகள் வழியே வந்த பசைப் புள்ளிகள் துணியில் சற்றுப் பரந்து ஒன்றுசேர அல்ஜினேட் அவகாசம் கொடுக்கிறது.

ஏற்கனவே கெட்டுப்போன துணியில் ஒரு பகுதியை மீட்க முடிந்தது. அகலத்தின் எந்த இடத்திலிருந்து பெட்ஷீட்டின் நடு வருகிறதோ அதே இடத்திலிருந்து தலையணை உறையை வெட்டும்படி கட்டிங் பிளானை மாற்றினார்கள். வீண் துண்டுகள் கூடின, ஆனால் செட் பொருந்தியது. கசிந்த லோட்டுகளுக்கு வழியில்லை, செகண்ட்ஸில் (இரண்டாம் தரத் துணியாக) போயின.

எதிர்பார்க்காத தொல்லை ஒன்று மிச்ச பேஸ்ட்டிலிருந்து வந்தது. ஓட்டி முடித்தபின் மீதமாகும் பேஸ்ட்களை ஒன்றாகக் கொட்டி, கறுப்பாகவோ பிரவுனாகவோ மாற்றி அடுத்த டிசைனுக்கு ஓட்டுவது எல்லாப் பட்டறையிலும் உள்ள பழக்கம். இப்போது கிச்சனில் மூன்று வகைக் கம். மூன்றின் மிச்சமும் ஒரே டிரம்மில் விழுந்ததும், அந்தக் கறுப்பின் பி.வி.ஐ. டிரம்முக்கு டிரம் மாறியது. ஒரு மெரூன் ஆர்டரில் கறுப்பு ஓரக்கோடு ஒரு லோட்டில் தடித்தும் அடுத்ததில் மெலிந்தும் வந்தபிறகுதான் மிச்ச டிரம்களைக் கம் வாரியாகப் பிரித்துப் பெயிண்டில் எழுதிவைத்தார்கள்.

செலவைப் பொறுத்தவரை, மாற்றத்தின்போது முதலாளி போட்டிருந்த லாபக் கணக்கு அப்படியே கைக்கு வரவில்லை. வெளிர் நிறங்களில் வந்தது. அடர் நிறங்களில் சொற்பம்தான்.

இனி வேறு மாதிரி செய்ய வேண்டியவை

கம், சாயம், தண்ணீர் என்று எதை மாற்றினாலும் சோதனையை இருப்பதிலேயே அடர்ந்த நிறத்தில், இருப்பதிலேயே அகலமான துணியில், முழு ரெசிப்பியோடு போட வேண்டும். வெளிர் நிறத்தில் தேறியது அடர் நிறத்தில் தேறும் என்பதற்கு இந்த வகை பாலிமரில் எந்த உத்தரவாதமும் இல்லை. சோதனைத் துணியின் இரு கரையையும் நடுவையும் வெட்டி ஒட்டிப் பார்க்காமல் லோட்டை அனுப்பக் கூடாது. இதற்கு ஒரு கத்தரிக்கோலும் ஐந்து நிமிடமும் போதும்.

சப்ளையர் தரும் தாளில் விஸ்கோசிட்டி ஒரே எண்ணாக இருந்தால், எந்த ஸ்பிண்டில், எந்த வேகம், உப்புச் சேர்த்தபின் எவ்வளவு என்று கேட்டு வாங்க வேண்டும். பெரிய சப்ளையர்களிடம் இந்த விவரம் கிடைக்கும். கேட்பவர் குறைவு என்பதால் தாளில் அச்சிடுவதில்லை.

வாங்கும் முடிவு எடுக்கும்போது கலர் மாஸ்டரும் மெஷின் ஓட்டுபவரும் அறையில் இருந்திருந்தால் இந்தப் பிரச்சினை முதல் வாரத்திலேயே வெளிவந்திருக்கும் என்பது என் கணிப்பு. ஒருவர் குச்சியில் பார்த்தார், மற்றவர் திருகில் உணர்ந்தார். இரண்டையும் யாரும் எழுதிவைக்கச் சொல்லவில்லை. இப்போது ஜாப் கார்டில் இரண்டு விஸ்கோசிட்டிக்கும் கட்டம் இருக்கிறது. ஓட்டுபவர் எழுத ஒரு காலி வரியும் விட்டிருக்கிறார்கள்.

பிளேடின் வளைவை இன்னும் சரிசெய்யவில்லை. காந்த ஸ்க்வீஜிக்கு விலை கேட்டு வைத்திருக்கிறார்கள். அதுவரை நேவி, மெரூன், கறுப்பு கிரவுண்டு வரும் அகலத் துணிகள் கலவைக் கம்மில் மட்டுமே ஓடும் என்று கிச்சன் சுவரில் எழுதியிருக்கிறது.